நள்ளிரவு மணி

சென்ற மாதம் அக்கா மகன் தன் சிநேகிதர்களோடு ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆளுக்கொரு வேஷம். ஒருவன் கதை சொல்கிறான்; மற்றவர்கள் பகடை உருட்டி அதை நகர்த்துகிறார்கள். ஐரோப்பிய மத்திய காலத்தின் சாயலில் ஒரு கற்பனை உலகம்.

"முதல்ல எல்லாரும் ஒரு மதுவிடுதியில சந்திப்பாங்க, மாமா" என்றான்.

"ஏன் அங்கே?"

"அங்கதான் முன்பின் தெரியாதவங்க ஒரே மேஜையில உக்காரலாம்."

காசு கொடுத்தால் குடி, படுக்கை, ஒரு வதந்தி. வதந்தியைப் பிடித்துக்கொண்டு வீரர்கள் புறப்பட்டுவிடுவார்கள்.

எனக்கு ஒரத்தநாடு ஞாபகம் வந்தது. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரை வழியில் மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்களில் பல அரண்மனைப் பெண்களின் பெயரைச் சுமப்பவை. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802இல் நிறுவியது முக்தாம்பாள் சத்திரம். 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போய்விட்டது. சத்திரங்களாவது மிஞ்சட்டும் என்று 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் அன்னம், நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைப்பது, நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குப் பிரசவம், பெற்றோரை இழந்த குழந்தைக்குச் சோறும் படிப்பும் - இவையெல்லாம் அதில் இருக்கின்றன. அரசை இழந்தவரின் மன்றாடல் அது. சற்று மிகையும் இருக்கலாம். இருந்தாலும் அவர் எதைக் காப்பாற்ற நினைத்தார் என்பது தெரிகிறது.

விளையாட்டின் விடுதி நடக்கக்கூடியவனுக்கானது. சத்திரம், மேலே நடக்க முடியாதவனுக்கானது. காசு கேட்கவில்லை. இதைப் பெருமையோடுதான் பையனிடம் சொன்னேன்.

"எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டாங்களா?" என்றான்.

பதில் சொல்லத் தயங்கினேன். சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியே கொடுத்ததை அதே கடிதம் சொல்கிறது. மணியோசைக்கு ஜாதியில்லை, இலைக்கு இருந்தது. எங்கள் சத்திரத்தில் அவன் சொன்ன மேஜை கிடையாது. அவன் மேஜையில் பசித்தவன் கிடையாது.

அன்னத்துக்குக் கணக்கு வைத்தவர்கள், பேச்சுக்கு வைக்கவில்லை. மணி கேட்டுக் கடைசியாக வந்தவன், சாப்பிட்டபின் பக்கத்தில் படுத்திருந்தவனிடம் எந்த ஊர் என்று கேட்டிருப்பானா? என்னவென்று கேட்டிருப்பான்? நம் சரித்திரத்தில் எனக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வாக்கியம்தான்.