இறுதி இடைவெளி (தரவுத்தளம்)

உரையின் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்று ஸ்பேஸ்களே இறுதி இடைவெளி. இவை தரவில் சேர்த்தியா, வெறும் நிரப்பியா என்பதில் தரவுத்தள மென்பொருள்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

நிலைநீளப் புலமான ‘சார்(10)’இல் எதை இட்டாலும் மீதி இடம் இடைவெளியால் நிரப்பப்படும். மாறுநீள ‘வார்சார்(10)’ கொடுத்ததை அப்படியே, நீளக் குறிப்போடு வைத்துக்கொள்ளும். அங்கே 10 என்பது உச்சவரம்பு மட்டுமே. முன்னது, 80 பத்தித் துளையட்டைக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம்.

சேமிப்பைவிட ஒப்பீட்டில்தான் சிக்கல் அதிகம். நீளம் வேறுபடும் இரு சரங்களில் குட்டையானதை இடைவெளியால் நீட்டி ஒப்பிடுவதா, கூடாதா என்பதை எஸ்கியூஎல்-92 தரநிலை அகரவரிசை விதியின் பொறுப்பில் விட்டது. எஸ்கியூஎல் சர்வர் சமக்குறி ஒப்பீட்டில் வார்சாருக்கும் நீட்டுகிறது. அதன் ‘லென்’ சார்பு இறுதி இடைவெளியை எண்ணாது, ‘டேட்டாலெங்த்’ எண்ணும்.

ஆரக்கிளின் விதி நுட்பமானது, ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான். இருபுறமும் சார் வகையானால் நீட்டி ஒப்பிடும். ஒருபுறம் அதன் மாறுநீள வகையான வார்சார்2 வந்தாலும் நீட்டாது. மேற்கோளுக்குள் எழுதும் மாறிலி அங்கே சார் வகை. ஆகவே ‘ஊர்’ சார் புலமானால், ஊர் = 'மதுரை' என்று கையால் தட்டிய வினவலுக்குக் கிடைக்கும் வரிசை, அதே சொல்லை ஜாவா நிரல் மாறியாக அனுப்பினால் கிடைக்காமல் போகலாம். இதற்கென்றே ஆரக்கிளின் ஜேடிபிசி இயக்கியில் ‘செட்ஃபிக்ஸ்ட்சார்’ என்றொரு முறை உண்டு.

மைஎஸ்கியூஎல் சார் புலத்தைப் படிக்கும்போது, இயல்பான அமைப்பில், வாலை நறுக்கிவிட்டே தரும். 5.0.3 பதிப்புக்கு முன் வார்சாரையும் சேமிக்கும்போதே நறுக்கியது. 8.0இன் இயல்பு அகரவரிசை விதி இறுதி இடைவெளியை மதிக்கிறது. பழைய விதியிலிருந்து இதற்கு மாறினால், தனித்துவச் சாவி உள்ள வார்சார் புலத்தில் அதுவரை மறுக்கப்பட்ட 'மதுரை', 'மதுரை ' இரண்டும் தனித்தனியே நுழைந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் சார் புலத்தை நிரப்பினாலும் ஒப்பீட்டில் அந்த இடைவெளியைப் பொருட்படுத்தாது. யூடிஎஃப்-8இல் அமைந்த சார்(10) புலத்தில் 'மதுரை' யூனிகோடு கணக்கில் 5 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட். மீதி 5 இடைவெளியும் சேர்த்து 20 பைட். நீளம் கேட்டால் 5 என்றே சொல்லும். நிலைநீளம் வேகமானது என்ற பழைய நம்பிக்கையும் அங்கே செல்லாது: உரை வகைகளில் பெரும்பாலும் மெதுவானது சார்தான் என்று அதன் ஆவணமே கூறுகிறது. நாட்டுக் குறியீடு போல நீளம் மாறாதவற்றைத் தவிர சார் வகைக்கு இன்று பெரிய தேவை இல்லை. எஸ்கியூலைட்டோ சார்(10) என்று அறிவித்தாலும் நிரப்புவதுமில்லை, நறுக்குவதுமில்லை.