ஹிப்னம் குப்ரெஸ்ஸிஃபார்மே

ஐரோப்பியக் காடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் மாஸ் இனங்களுள் ஒன்று ஹிப்னம் குப்ரெஸ்ஸிஃபார்மே. ஓக், பீச் மரங்களின் அடிப்பகுதி, விழுந்து மட்கும் கட்டைகள், பாறைகள், பழைய கல்சுவர்கள், கூரை ஓடுகள் என எங்கும் தரையோடு ஒட்டிப் பாய்போலப் படர்கிறது. அண்டார்க்டிக்கா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இது பதிவாகியுள்ளது. இத்தனை பரவலாக இருப்பதாலேயே, காட்டில் கண்ணில் படும் வளைந்த இலைப் பாசிக்கெல்லாம் ஆராயாமல் இந்தப் பெயரைச் சூட்டிவிடும் பழக்கமும் வந்துவிட்டது. இதன் நெருங்கிய உறவினங்கள் பல அப்படித்தான் பதிவேடுகளில் மறைந்துபோகின்றன.

தண்டு படுத்த நிலையில் நீண்டு, ஒழுங்கின்றிக் கிளைக்கும். இலைகள் ஏறக்குறைய 1 முதல் 2 மி.மீ. நீளம்; நுனி ஊசியாகக் குறுகி அரிவாளைப்போல வளைந்திருக்கும். தண்டின் இருபுறத்து இலைகளும் கீழ்நோக்கியே வளைந்து ஒன்றன்மேல் ஒன்று படிவதால், மேலிருந்து பார்க்கையில் இறுகப் பின்னிய சடை தெரிகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸே இதைக் காணப் போதும். அதே லென்ஸில் நடுநரம்பையும் தேட வேண்டும். இந்த இனத்தில் அது அறவே இராது, அல்லது இலையடியில் மிகக் குட்டையாக இரண்டாகப் பிரிந்து நின்றுவிடும். உலர்ந்தாலும் நனைந்தாலும் இலைகளின் வளைவு பெரிதாக மாறுவதில்லை.

உறுதியான சான்று நுண்ணோக்கியில்தான் கிடைக்கும். இலைப்பரப்பின் செல்கள் நீண்டு மெலிந்தவை. இலையடியின் இரு மூலைகளில் மட்டும் சிறு சதுரச் செல்கள் திரண்டு, எல்லை தெளிவான ஒரு திட்டாக நிற்கின்றன. ஆண், பெண் செடிகள் வெவ்வேறு. பெண் செடியிலிருந்து வழவழப்பான செந்நிறக் காம்பு எழும்; அதன் நுனியில் உருளை வடிவான, சற்றே வளைந்து சாய்ந்த வித்துப்பை இருக்கும். பையின் மூடி அலகுபோல நீண்டு முடிகிறது. மூடி உதிர்ந்தபின் வாயைச் சுற்றி 16 பற்கள் வெளிவட்டமாகத் தெரியும்.

இந்த மூடியைப் பார்க்காமல் ஹிப்னம் ஆண்டோய் இனத்தை நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியாது. ஈரமான மேற்கு ஐரோப்பிய ஓக் காடுகளில் மரத்தண்டுகளைப் போர்த்தி வளரும் அந்த இனத்தின் மூடியில் அலகு கிடையாது. குட்டையான ஒரு முளை மட்டுமே உண்டு. ஹிப்னம் பேரினத்தை விரிவாக ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஹிசாட்சுகு ஆண்டோவின் பெயரை அது தாங்கியுள்ளது. ஆகவே மாதிரி எடுப்பவர் மூடி உதிராத வித்துப்பைகள் உள்ள பகுதியையே தேடிப் பிடிக்க வேண்டும். வெறும் தண்டும் இலையும் மட்டும் கிடைத்தால், இரண்டையும் உள்ளடக்கிய தொகுதியின் பெயரோடு பதிவை நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மற்ற உறவினங்கள் இவ்வளவு சோதிப்பதில்லை. ஹிப்னம் ரெசூப்பினாட்டம் மெல்லியது. அதன் இலைகள் அரிவாளாக வளையாமல் ஏறக்குறைய நேராக நிற்கும், வித்துப்பையும் நிமிர்ந்திருக்கும். ஹிப்னம் லாக்குனோசம் பருத்தது, பொன்பழுப்பு நிறம் கொண்டது; சுண்ணாம்புநிலப் புல்வெளியும் வெயில் படும் சுவர்த்தலையும் அதற்குப் பிடித்த இடங்கள். அதைத் தனி இனமாக ஏற்காமல் குப்ரெஸ்ஸிஃபார்மேயின் வகையாகவே கொள்வோரும் உண்டு. ஹிப்னம் யூட்லாண்டிகத்துக்குத் தண்டின் நிறமே அடையாளம். வெளிறிய பச்சைத் தண்டு, இறகுபோல ஒழுங்கான கிளைகள், வெளுத்த தோற்றம், அமிலத்தன்மை மிக்க புதர்நிலம் அல்லது பைன் காடு: இவை சேர்ந்து வந்தால் ஐயம் வேண்டாம். மரத்தண்டில் நூல்நூலாகத் தொங்கும் மெல்லிய வடிவத்துக்குக் குப்ரெஸ்ஸிஃபார்மேயின் கீழ் ஃபிலிஃபார்மே என்ற வகைப்பெயர் வழங்குகிறது.

பேரினத்துக்கு வெளியிலும் குழப்பம் தருபவை உண்டு. பிராக்கிதீசியம் ருட்டாபுலம் இலையில் ஒற்றை நடுநரம்பு பாதிக்கு மேல் ஓடும், வித்துப்பைக் காம்பும் சொரசொரப்பாக இருக்கும். சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் க்டெனிடியம் மொல்லஸ்கம் நெருங்கிய சீப்புக் கிளைகளால் பிரிந்து தெரிகிறது.

இந்த இனத்தின் செல்லுபடியாகும் பெயர் யோஹான் ஹெட்விக்கின் நூலிலிருந்து வருகிறது. லைப்சிக் நகரில் மருத்துவராக இருந்து மாஸ் ஆய்வுக்கு அடித்தளமிட்ட அவர் 1799இல் இறந்தார். நூல் 1801இல் வெளியானது. ஸ்ஃபாக்னம் நீங்கலாக மாஸ்களின் பெயரீடு அந்த நூலையே தொடக்கமாகக் கொள்கிறது. லின்னேயஸ் முன்பே இதே பெயரை வழங்கியிருந்தும் ஹெட்விக்கே ஆசிரியராகக் குறிக்கப்படுவதற்கு இதுதான் காரணம்.

சரியான அடையாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் காற்று மாசு ஆய்வு தெளிவான விடை தருகிறது. மாஸுக்கு உண்மையான வேர் இல்லை. நீரையும் சத்தையும் பெரும்பாலும் மழையிலிருந்தும் படியும் தூசியிலிருந்தும் பெறுகிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் அதன் செல்சுவர்களில் பிணைந்து தங்கிவிடுகின்றன. 1960களின் இறுதியில் ஸ்வீடனில் ஆகே ரூலிங், கெர்முண்ட் டைலர் இருவரும் உருவாக்கிய இம்முறை, 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஐரோப்பா அளவிலான கணக்கெடுப்பாக நடந்துவருகிறது. வடக்கே ப்ளூரோசியம் ஷ்ரெபெரியும் ஹைலோகோமியம் ஸ்ப்ளெண்டென்ஸும் முதன்மை பெற, அவை அரிதான தெற்கு, மேற்கு நாடுகளில் ஹிப்னம் குப்ரெஸ்ஸிஃபார்மே சேகரிக்கப்படுகிறது. உலோகத்தைப் பிடித்துவைக்கும் அளவு இனத்துக்கு இனம் மாறும். அதனால் மாதிரிகளில் இனங்கள் கலந்தால் ஒப்பீடே பிசகிவிடும்.

மரபணு ஆய்வுகள் ஹிப்னம் பேரினம் ஒரே வழியில் வந்த குழு அல்ல என்று காட்டியபின் பல இனங்கள் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. ஜப்பானில் கொக்கெடாமா என்னும் பாசி உருண்டைகளுக்குப் பயன்படும் ஹிப்னம் ப்ளூமீஃபார்மே, 2019இல் காலோஹிப்னம் என்ற புதிய பேரினத்துக்குச் சென்றது. நெற்பயிர் களைகளையும் நோய்க் கிருமிகளையும் தடுக்கச் சுரக்கும் மோமிலாக்டோன் என்ற வேதிப்பொருளை அந்த மாஸும் தயாரிக்கிறது. அதற்கான மரபணுக்கள் இரண்டிலும் கொத்தாக அமைந்திருப்பதும், அந்தக் கொத்துகள் தனித்தனியே பரிணமித்தவை என்பதும் 2020இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வில் தெரியவந்தன.