கேளாமல் வரும் செய்திகள்

தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றி நெல்லைச் சீமையில் வாழ்வோருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் ஏழு மிகப் பழமையானவை. எட்டாவதாகிய திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அணைக்கட்டிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து குளத்துக்கும், குளத்திலிருந்து வயலுக்கும் நீர் செல்கிறது. குளத்து நீரை அளந்து விடுவதற்கு மடை உண்டு. பிசானப் பயிருக்கு நீர் வேண்டும்போது மடை திறக்கப்படும். கதிர் முற்றி அறுவடை நெருங்கும்போது அடைக்கப்படும். அடைக்க வழியில்லாத நீரைப் பாசனம் என்று யாரும் சொல்வதில்லை.

இன்று நம் கைப்பேசிக்குள்ளும் ஓர் ஓட்டம் வந்து சேருகிறது. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு மாணவர் ஒளிவிலகல் எண்ணைப் பற்றித் தேடுவதற்காக இணைய உலாவியைத் திறக்கிறார் என்று கொள்வோம். தேடும் கட்டத்துக்குக் கீழே, அவர் கேளாத செய்திகள் வரிசையாக நிற்கின்றன: ஒரு நடிகரின் திருமணம், தங்கத்தின் விலை, ஒரு கிரிக்கெட் சர்ச்சை. இவற்றைப் பரிந்துரைகள் என்பர். இவை எவ்வாறு தோன்றின? இவற்றுக்கு மடை எங்கே இருக்கிறது? இவ்விரண்டையும் இங்குக் காண்போம்.

வாசகருக்கு ஒன்றைப் பரிந்துரைப்பது புதிய செயலன்று. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர்; 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுள் நான்காவது விதி, வாசகரின் நேரம் வீணாகாமல் காக்கப்பட வேண்டும் என்பது. நல்ல பரிந்துரைக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

கணிப்பொறிப் பரிந்துரையும் இதே நோக்கத்துடன்தான் பிறந்தது. மின்னஞ்சல் பெருகி, வேண்டியது எது வேண்டாதது எது என்று பிரிக்க இயலாத நிலை ஏற்பட்டபோது, அமெரிக்காவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தினர் டேபெஸ்ட்ரி என்னும் அமைப்பை உருவாக்கி 1992இல் விளக்கினர். ஒருவர் படித்துக் குறிப்பெழுதிய கடிதத்தை, அக்குறிப்பைக் கொண்டு மற்றவர் தேர்ந்தெடுக்கலாம். இதற்குக் 'கூட்டு வடிகட்டல்' என்று பொருள்படும் பெயரை அவர்கள் இட்டனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், குரூப்லென்ஸ் என்னும் அமைப்பு வந்தது. படித்த செய்திக்கு ஒவ்வொருவரும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவர். மூன்று செய்திகளுக்கு முதல் வாசகர் 5, 1, 4 என்றும், இரண்டாமவர் 5, 2, 4 என்றும், மூன்றாமவர் 1, 5, 2 என்றும் மதிப்பெண் தருவதாகக் கொள்வோம். முதல் இருவரின் சுவை ஒத்திருப்பதும், மூன்றாமவரின் சுவை மாறுபடுவதும் எண்களைப் பார்த்தவுடனேயே தெரிகிறது. நான்காவது செய்திக்கு இரண்டாமவர் 5 தந்தால், அதை இன்னும் படிக்காத முதல் வாசகருக்கும் அது பிடிக்கும் என்று பொறி கணிக்கிறது. புள்ளியியலில் நாம் படிக்கும் ஒட்டுறவுக் கெழுவே இக்கணிப்புக்கு அடிப்படை.

இம்முறை விரைவில் வணிகத்துக்குப் பயன்பட்டது. ஒரு பொருளை வாங்கியவர் வேறு எதை வாங்கினார் என்பதைக் கொண்டு அமேசான் நிறுவனம் பரிந்துரை செய்தது. திரைப்படப் பரிந்துரையின் துல்லியத்தை 10 விழுக்காடு உயர்த்துவோருக்கு 10 இலட்சம் டாலர் பரிசு என்று நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்து, 2009இல் வழங்கியது.

கைப்பேசிக்கான குரோம் உலாவி 2012இல் வெளிவந்தது. 2016இன் பிற்பகுதியில் அதன் புதிய பக்கத்தில் செய்திப் பரிந்துரைகள் தோன்றின. சார்ட்பீட் என்னும் அளவீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, இவ்வழியாகச் செய்தித் தளங்களுக்குச் சென்ற வருகைகள் 2017ஆம் ஆண்டு ஒன்றிலேயே மாதம் 1½ கோடியிலிருந்து ஏறத்தாழ 34 கோடியாயின. 2018இல் கூகுள் தன் செய்தியோட்டத்துக்கு டிஸ்கவர் என்று பெயரிட்டது. மறு ஆண்டு அவ்வோட்டத்தில் விளம்பரமும் இடம்பெறும் என்று அறிவித்தது.

இதற்கிடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. மதிப்பெண் இடுபவர் படித்து முடித்துச் சிந்தித்து இடுகிறார். இப்பொழுதோ நாம் எதைத் தட்டுகிறோம், எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பவை நம் விருப்பத்தின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. வியப்பூட்டும் தலைப்பைத் தட்டியவர் அச்செய்தியை விரும்பினார் என்று சொல்ல முடியுமா? ஆயினும் அதைப் போன்றவையே மேலும் வரும். வாசகர் தங்கும் நேரம் கூடினால் விளம்பர வருவாயும் கூடும். நேரத்தைக் காக்கப் பிறந்த கருவி, நேரத்தை ஈர்ப்பதற்குப் பயன்படலாயிற்று.

இனி, மடையைக் காண்போம். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலுள்ள குரோமில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்தால், செய்தி வரிசையின் தலைப்பருகே பற்சக்கரம் போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் ஓட்டத்தை நிறுத்தும் வாய்ப்பு கிடைக்கும். ஃபயர்பாக்ஸ் உலாவியில் அமைப்புகளுக்குள் முகப்புப் பக்கம் என்னும் பகுதியில் இதற்கான பொத்தான் உள்ளது. பதிப்புக்குப் பதிப்பு இடமும் சொல்லும் சற்று மாறலாம்.

இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, கைப்பேசியின் முகப்புத் திரையை ஒருபுறம் தள்ளினால் வரும் செய்தி வரிசை வேறொரு மடை. அதைத் தனியே அடைக்க வேண்டும். இரண்டாவது, மடையை அடைப்பதால் குளம் வற்றிவிடாது. நம் தேடல்களைப் பற்றிய பதிவுகள் கணக்கில் தொடர்ந்து சேரலாம். அவற்றை நிறுத்தவும் அழிக்கவும் கூகுள் கணக்கின் அமைப்புகளில் தனி வழி உண்டு.

இப்பரிந்துரைகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அடைக்கும் பொறுப்பு வாசகருடையது. இதைச் சட்டங்களும் கவனிக்கத் தொடங்கியுள்ளன. ஒருவரின் பழக்கங்களை ஆராயாமல் பரிந்துரைக்கும் முறை ஒன்றையாவது பெருந்தளங்கள் அளிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைப் பொதுவிதியாகத் தடைசெய்யும் பிரிவு சேர்க்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் இவ்வயதினரே.

பரிந்துரைகள் எல்லாமே தீயவை என்பதில்லை. நாம் அறியாத ஒரு நல்ல அறிவியல் கட்டுரையும் அவ்வழியே வரக்கூடும். வேண்டியவர்கள் திறந்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது அவர்களே எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் ஒரு வார காலம் இம்மடையை அடைத்துவைத்து, தேடவந்ததைக் கண்டறிய ஆகும் நேரத்தை முன்பும் பின்பும் குறித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை, கடிகாரம் ஒன்று போதும்.