பரணில் கிடக்கும் பால் ஹெட்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேமரா முக்காலி ஏதும் கிடக்கிறதா? பழைய சாமான்காரரிடம் போடுமுன் அதன் தலையில் இருக்கும் குட்டி உருண்டையை ஒருமுறை பாருங்கள்.

1839இல் டாகரின் புகைப்பட முறை வெளியானபோது கேமரா ஒரு மரப்பெட்டி. படம் பதியவே பல நிமிடங்கள் ஆகும். கனத்த தாங்கி இல்லாமல் நடக்காது. 1925இல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனம் 35 மி.மீ. ஃபிலிம் போடும் லைக்காவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமரா கோட்டுப் பையில் அடங்கியது. அதற்கேற்ற சிறிய பால் ஹெட்டையும் பின்னர் லைட்ஸே விற்றது. குழிக்குள் ஓர் உருண்டை, இறுக்க ஒரு திருகு, அவ்வளவுதான். நம் தோள்மூட்டும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதானே!

கேமராவைப் பொருத்தும் திருகின் கதை இன்னும் பழையது. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் திருகுகளுக்குப் பொது அளவுகளை முன்வைத்தார். அவர் சொன்ன கால் அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 புரி என்ற கணக்குதான் இன்றைய கேமராவின் அடியிலும் மொபைல் கிளாம்பிலும் இருக்கிறது. ஆகவே தாத்தா காலத்துப் பால் ஹெட்டில் பேரனின் மொபைல் பெரும்பாலும் பொருந்திவிடும். புதிதாக வாங்குமுன் மாட்டிப் பாருங்கள். நீளமான லென்ஸை மட்டும் அதன்மேல் ஏற்றாதீர்கள்; சிறிய உருண்டைக்குப் பிடிமானம் போதாது, மெல்லத் தலைகவிழும்.