வலம்புரிச் சங்கும் கோபுரமும்: நாஞ்சில் நாட்டின் அரசுச் சின்னங்கள்

நாஞ்சில் நாடு 1956 அக்டோபர் வரை சங்குச் சின்னத்தின்கீழ் இருந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துப் பத்மநாபதாசராக ஆண்டார். திருமாலின் சங்கு அரசுரிமையின் அடையாளமாக நிலைபெற்றதற்கு இதுவே அடிப்படை எனலாம்.

1877 டெல்லி தர்பாரில் சமஸ்தானங்களுக்கு ஐரோப்பிய மரபில் இலச்சினைக் கொடிகள் வழங்கப்பட்டன. சங்கின் இருமருங்கும் யானைகள் நிற்கும் திருவிதாங்கூர் இலச்சினை, கேடயத்தை இரு விலங்குகள் தாங்கும் அம்மரபை ஒத்தது. எனினும் 1888இல் வெளியான அஞ்சல் தலைகள் வழியாக மக்கள் கைகளில் புழங்கியது தனிச் சங்கே.

மாநிலச் சீரமைப்புக்குப்பின் யானைகளும் சங்கும் கேரள அரசுச் சின்னத்தில் தொடர்ந்தன. குமரி மாவட்டம் கோபுரச் சின்னத்தின்கீழ் வந்தது. ஆயினும் 1750இல் தலைநகராயிருந்த பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் உள்ளது. அதன் அரண்மனையைப் பேணுவதோ கேரளத் தொல்லியல் துறை. எல்லை பிரித்த மரபுரிமையை இவ்வரண்மனை இன்றும் இணைத்து நிற்கிறது.