ரென் அண்ட் மார்ட்டினும் எங்கள் டிக்தேயும்

ஆங்கிலப் பரீட்சை என்றாலே நம் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை பயம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது ஐயா. கணிதமேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903-ல் மெட்ரிகுலேஷன் தேறி, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் அந்த உதவித்தொகை போயிற்று. கணக்கில் அவரை விஞ்ச ஆளில்லை. ஆனால் கதவுக்குச் சாவி ஆங்கிலத்திடம் இருந்தது.

சென்னை மாகாணத்தில் இது பழைய கதை. புதுச்சேரிக்குத்தான் புதிது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தோம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். பல வீடுகளில் அண்ணன் பிரான்சு, தம்பி இந்தியா என்று பிரிந்தது அப்போதுதான். இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில் படித்துக்கொண்டிருக்க, ஆபீஸ் கோப்புகளோ மெல்ல ஆங்கிலத்துக்கு நகர்ந்தன. பிரெவே சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு குமாஸ்தா நாற்காலியைப் பிடிக்க முடியாத நிலை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களைப் பழக்கிய விதமே வேறு. டிக்தே! ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். சர்த்திஃபிக்கா பரீட்சையில் ஐந்து பிழை வந்தால் பூஜ்யம்தான். எழுத்தின் தலைமேல் போடும் சிறு கோடு விட்டுப்போனாலும் குறைப்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலமோ டீட்டெய்ல்ட், நான்-டீட்டெய்ல்ட், இலக்கணம், கடிதம், கட்டுரை, சுருக்கி வரைதல் என்று விரியும். டீட்டெய்ல்ட் பாடத்தை வரிவரியாகப் படிக்கவேண்டும். நான்-டீட்டெய்ல்டுக்குக் கதை தெரிந்தால் போதும். நோட்ஸ் வாங்கி உருப்போட்டுத் தேறியவர்களே அதிகம். எழுத்துப்பிழையில் நாங்கள் கெட்டி; உருப்போடுவதில் மெட்ராஸ் பையன்கள் கெட்டி.

இரண்டும் ஒரே எழுத்து என்பதால் சுலபம் என்று நினைப்பார்கள். அதுதான் தொல்லை. பிரெஞ்சில் 'லிப்ரெரி' என்றால் புத்தகக்கடை; ஆங்கிலத்தில் 'லைப்ரரி' நூலகம். 'ஆக்துயெல்மான்' என்றால் தற்போது. 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். வயதைச் சொல்லச் சொன்னால் எங்கள் பையன்கள் 'ஐ ஹேவ் ஃபிஃப்டீன் இயர்ஸ்' என்பார்கள். பிரெஞ்சில் வயது என்பது வைத்திருக்கும் பொருள். தமிழிலும் 'எனக்குப் பதினைந்து வயது' என்கிறோமே, 'நான் பதினைந்து வயது' என்பதில்லையே! இதில் ஆங்கிலக்காரன்தான் தனியாள்.

இதையெல்லாம் சரிசெய்ய எங்களுக்குக் கிடைத்த மருந்து ரென் அண்ட் மார்ட்டின் எழுதிய ஹைஸ்கூல் இங்கிலீஷ் கிராமர் அண்ட் காம்போசிஷன். 1930-களில் வந்த புத்தகம். இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது என்பார்கள். பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறி அட்டை போய் வரும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கு என்று பயிற்சிமேல் பயிற்சி. விளக்கம் குறைவு, வேலை அதிகம். டிக்தேயில் அடிபட்டு வளர்ந்தவனுக்கு அது ஒத்துப்போயிற்று. வீட்டில் ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு இன்றும் அதைவிட நல்ல துணை இல்லை என்பது என் கட்சி.

அந்த ரென் யார் என்று பின்னாளில்தான் தேடினேன். பி.சி. ரென், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். கேரி கூப்பர் நடித்து 1939-ல் சினிமாவாகவும் வந்தது. கதை எதைப்பற்றி என்கிறீர்கள்? பிரெஞ்சு அந்நியப் படையணியில் சேர்ந்து சகாராவில் போரிடும் ஆங்கிலேயச் சகோதரர்களைப் பற்றி! பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்த ஊரில், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விளக்கடியில் ரென்னின் இலக்கணத்தை மனனம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த நாவலைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.