வரி போட்ட நீல பாட்டில்

கம்பவுண்டர் போனார்; அவர் பின்னாலேயே அந்த நீல பாட்டிலும் போய்ச் சேர்ந்தது. யாரும் துக்கம் விசாரிக்கவில்லை.

ஆறு பட்டை, அடர்நீலக் கண்ணாடி, மேலிருந்து கீழாகப் புடைத்த வரிகள். மேலே தேய்க்கும் லினிமென்ட், கார்பாலிக் என்று வாயில் படக்கூடாதவை அதற்குள் இருக்கும். சீமையில் இருட்டில் பாட்டில் மாறிப் பலர் செத்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஏற்பாடு இது. குடிக்கக் கூடாது என்று கண்ணாடியிலேயே ஆங்கிலத்தில் வார்த்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்துப் பாட்டிக்கு அந்த எழுத்து எதற்கு? விளக்கை அணைத்த பிறகு இருமல் மருந்தைத் துழாவும் விரலில் வரி தட்டுப்பட்டால் போதும்.

விஷம் நமக்குப் புதிதல்ல. வீரம், பூரம் இரண்டும் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் இருப்பது பாதரசமும் குளோரினும். பூரத்தைத்தான் ஆங்கில வைத்தியர்கள் கலோமல் என்று பேதிக்குக் கொடுத்தார்கள். வீரம் ஆளையே கொண்டுபோய்விடும். திருச்சி பெரிய கடைவீதியில் பொட்டலம் மடிப்பவரின் கண்ணை நம்பித்தான் பிழைப்பு.

ஆனால் நீல பாட்டிலின் காவலுக்கும் ஓர் எல்லை இருந்தது. குடிக்கிற விஷம் வழவழ பாட்டிலில்தான் வந்தது. எட்டிக் கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன், துளியளவு சேர்ந்தால் டானிக். அதோடு புரோமைடு கலந்தால் விஷம் படிகமாகி அடியில் தங்கும். கடைசி வேளை மருந்து எமன். மருந்தகத்தில் வேலை பார்த்த அகதா கிறிஸ்டி 1920-இல் வந்த தன் முதல் நாவலில் கொலைக்கு இதைத்தான் பயன்படுத்தினார். கம்பவுண்டர் “குலுக்கிக் குடிங்க” என்று அலுக்காமல் சொன்னது சும்மா இல்லை.

காவிரிப் பாலம் தாண்டி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் அப்போது கழுவிய காலி பாட்டில் இருக்கும். அங்கே அதில் மிக்சர் மருந்தை ஊற்றி, ஓரம் நறுக்கிய காகிதப் பட்டையை ஒட்டி வேளைக்கு அளவு காட்டுவார்கள். பாட்டிலைத் தூக்கி எறியாத ஊர் நம்முடையது. நீல பாட்டிலையும் கழுவித் தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்த வீடுகளில், வரி சொன்ன எச்சரிக்கை என்ன ஆகியிருக்கும்? அதன் சாவில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மீதியை, கம்பெனியே அடைத்து அனுப்பிய மாத்திரையும் பிளாஸ்டிக்கும் பார்த்துக்கொண்டன.

இன்று பினாயில், சிரப், இரண்டும் ஒரே மாதிரி வழவழ பிளாஸ்டிக். மூடியைத் திருகி முகர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் பார்மசி பாடப்புத்தகத்தில் மட்டும் லினிமென்டை நிறக் கண்ணாடி வரி பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும் என்று இன்னும் இருக்கிறது. பையன்கள் கண்ணால் பார்த்ததில்லை. எழுதினால் மார்க் உண்டு.